வெட்டாமல் விட்ட அழுகை

செபராங் பிறைச் சரித்திரம் – 19

சென்ற வாரம் புக்கிட் தெங்காத் தொழிற்பேட்டை எழும்பிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஜூருவைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர் கேட்டார்: “ஐயா, இதையெல்லாம் திட்டம் போட்டுச் செஞ்சவங்க தாங்களே பேசின வீடியோ இருக்குங்களா? அவங்க வாயாலேயே கேக்கணும்.” அந்தப் பெண்ணின் ஆசை நியாயமானது. கோப்பில் கையெழுத்து இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்த மனிதர் எத்தனை நாள் தூங்காமல் இருந்தார் என்பது கோப்பில் இருக்காது. அதை அவர்தான் சொல்ல வேண்டும். சொல்ல வைக்க ஒருவர் கேட்க வேண்டும். கேட்டது அழியாமல் இருக்க ஒரு கருவியும் வேண்டும்.

ஆகவே இந்த வாரத்தை அந்தக் கேள்விக்கே கொடுக்கிறேன். பெரும் பொறுப்பில் இருந்தவர்கள் கேமரா முன் உட்கார்ந்து தங்கள் வாழ்நாள் வேலையைத் திரும்பிப் பார்ப்பது நம் பக்கத்தில் எப்படி வந்தது, எது நாடாவில் தங்கியது, எது தங்காமல் போனது என்று பார்ப்போம்.

பினாங்குக்கு ஒலிபரப்பு புதிதல்ல. 1934இலேயே பினாங்கு வானொலிச் சங்கம் இசட்.எச்.ஜே. என்ற அழைப்புக் குறியோடு நிலையம் நடத்தியது. அதில் தமிழும் ஒலித்தது. படம் வர இன்னும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. 1963 டிசம்பர் 28 அன்று கோலாலம்பூர் அம்பாங் சாலையில் இருக்கும் துங்கு அப்துல் ரகுமான் மண்டபத்தில் மலேசியத் தொலைக்காட்சியைப் பிரதமர் துங்கு தொடங்கி வைத்தார். 1959இல் நாடாளுமன்றம் முதன்முதலாகக் கூடியதும் அதே வளாகத்தில்தான். அங்காசாபுரி ஒளிபரப்பு வளாகம் பிறகு வந்தது. முதல் ஸ்டூடியோ அந்த மண்டபத்துக்குள்தான் இயங்கியது.

வடக்கே கெடாவின் ஜெராய் மலையில் நிறுவிய ஒளிபரப்புக் கோபுரம் நம் பெருநிலத்துக்கும் படம் கொண்டுவந்தது. ஆண்டுக்கு 24 வெள்ளி உரிமக் கட்டணம். பெட்டி வாங்கிய வீடுகள் ஒரு கம்பத்துக்கு ஒன்றோ இரண்டோதான். மற்றவர்கள் அந்த வீட்டு ஐந்தடியில் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்கள் பார்த்த பெரிய மனிதர்கள் எல்லாரும் எழுதி வைத்ததை வாசித்தார்கள். நிலையம் தகவல் அமைச்சின் கையில் இருந்தது. அமைச்சர் பேசுவார், நாடு கேட்கும். அமைச்சரிடம் ஒருவர் எதிரே உட்கார்ந்து, “நீங்கள் செய்ததில் உங்களை உறுத்துவது எது?” என்று கேட்கலாம் என்பது அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது.

அப்படிக் கேட்கும் வித்தையை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பிரிட்டனில் ஒருவர் தொடங்கிவிட்டார். 1959 பிப்ரவரியில் பி.பி.சி.யில் ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ வந்தது. கேட்டவர் ஜான் ஃப்ரீமன். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். பிறகு 1965 முதல் 1968 வரை இந்தியாவில் பிரிட்டனின் தூதராகவும் இருந்தார். அந்த நிகழ்ச்சியில் ஃப்ரீமனின் முகம் அநேகமாகத் தெரியாது. கேமராவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். கேமரா முழுவதும் விருந்தாளியின் முகத்தில் நிற்கும். பதில் சொல்லத் தயங்கினால் தயக்கம் தெரியும். கண் அலைந்தால் அலைவது தெரியும். மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரஸல், உளவியலாளர் கார்ல் யுங், மார்ட்டின் லூதர் கிங் எல்லாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்.

1960இல் கில்பர்ட் ஹார்டிங் வந்தார். பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் கோபக்காரர் என்று பெயர் வாங்கியவர். சாகும் மனிதர் அருகில் இருந்ததுண்டா என்று ஃப்ரீமன் கேட்டார். ஹார்டிங்குக்குத் தாயின் மரணம் நினைவுக்கு வந்தது. கண் கலங்கிவிட்டது. கேமரா விலகவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஹார்டிங் காலமானார். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாமா என்ற வாதம் பிரிட்டனில் நெடுங்காலம் நடந்தது. கேட்டது கொடுமையாகவே இருக்கட்டும். ஒன்று மட்டும் அன்று தெளிவானது. கேமரா முன் ஒரு மனிதரை நிதானமாகப் பேசவிட்டால் அவர் ஏறி நிற்கும் பதவியும் பெயரும் நழுவி, ஆள் மட்டும் மிஞ்சுவார்.

நம் மண்ணில் அது முதன்முதலில் நடந்தது திட்டமிட்ட பேட்டியில் அல்ல. 1965 ஆகஸ்ட் 9. கோலாலம்பூரில் துங்கு நாடாளுமன்றத்தில் சிங்கப்பூரின் பிரிவை அறிவித்த நாள். அன்றே சிங்கப்பூரில் லீ குவான் இயூ தொலைக்காட்சி நிலையத்தில் செய்தியாளர்களைச் சந்தித்தார். இரு நிலங்களும் ஒன்றாக வேண்டும் என்பதே தன் வாழ்நாள் நம்பிக்கை என்று சொல்லத் தொடங்கியவரின் குரல் அடைத்தது. கண்ணீரைத் துடைத்தார். சற்று நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். தேறி வர இருபது நிமிடங்கள் ஆயின.

இதில் நாம் கவனிக்க வேண்டிய மனிதர் வேறொருவர். அப்போது சிங்கப்பூர் வானொலி தொலைக்காட்சியின் இயக்குநர் பி. எஸ். ராமன் என்ற தமிழர். அழுத பகுதியை வெட்டிவிடலாம் என்பது லீயின் எண்ணம். ராமன் வேண்டாம் என்றார். அறையில் அத்தனை செய்தியாளர்கள் இருந்தார்கள். நாம் காட்டாவிட்டாலும் அவர்கள் எழுதத்தான் போகிறார்கள். எழுதும்போது நடந்ததைவிட மோசமாகத் தெரியும் என்பது அவருடைய வாதம். பிரதமர் அந்த வாதத்தை ஏற்றார். காட்சி அப்படியே ஒளிபரப்பானது. லீ பின்னாளில் எழுதிய நினைவுநூலில் ராமனின் அந்த ஆலோசனையைப் பதிவு செய்திருக்கிறார்.

இன்று சிங்கப்பூரில் பிள்ளைகள் சரித்திரப் பாடத்தில் பார்ப்பது அந்தக் காட்சியைத்தான். பிரிவினை பற்றி ஆயிரம் பக்கம் எழுதியவர்கள் உண்டு. அந்தச் சில நிமிடங்கள் சொல்வதை அவர்கள் எவராலும் சொல்ல முடியவில்லை. அதைக் காப்பாற்றிக் கொடுத்தவர் ஓர் அதிகாரி. பிரதமர் எதிரே நின்று, வெட்டாதீர்கள் என்று சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. ராமனின் பெயர் நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்பதற்காகவே இங்கே இத்தனை வரிகள்.

இனிப் பினாங்குக்கு வருவோம். தொலைக்காட்சியைத் திறந்து வைத்த துங்கு 1970 செப்டம்பரில் பிரதமர் பதவியை விட்டார். இஸ்லாமிய நாடுகளின் அமைப்புக்குத் தலைமைச் செயலாளராக ஜெட்டாவில் சில காலம் இருந்துவிட்டு வந்து பினாங்கில் குடியேறினார். அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தன. மலாயா விடுதலைப் பேச்சுகள், மலேசியா உருவானது, சிங்கப்பூர் போனது, 1969 மே கலவரம், அதன் பின் தன் கட்சிக்காரர்களே தன்னை ஓரங்கட்டியது. சொல்லத் துடித்த மனிதர் அவர். சொன்ன இடம் தொலைக்காட்சி அல்ல, செய்தித்தாள். 1971இல் பினாங்கில் பிறந்த ‘தி ஸ்டார்’ நாளிதழில் வாரந்தோறும் திங்கட்கிழமை தன் நினைவுகளை எழுதினார். 1977இல் அவை நூலாகவும் வந்தன.

அந்தப் பத்தியைப் படித்தவர்களுக்குத் தெரியும், அது எழுத்து மாதிரி இருக்காது. பேச்சு மாதிரி இருக்கும். சாயங்காலம் தேநீர் குடித்துக்கொண்டே பழைய கதை சொல்லும் பெரியவரின் பேச்சு. ஒன்றைத் தொடங்கி வேறொன்றுக்குத் தாவுவார். ஆள்களைப் பெயர் சொல்லிப் பாராட்டுவார், பெயர் சொல்லிக் கோபிப்பார். 1987 அக்டோபரில் அரசின் ஓப்ஸ் லாலாங் நடவடிக்கையில் கைதுகள் நடந்தபோது ‘தி ஸ்டார்’ உள்ளிட்ட மூன்று ஏடுகளின் உரிமம் பறிபோனது. அடுத்த மார்ச்சில் இதழ் மறுபடி வந்தது. துங்குவின் பத்தி வரவில்லை.

அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்து. அவர் வாய் மூடவில்லை. ‘ஃபார் ஈஸ்டர்ன் எகனாமிக் ரிவியூ’ வார இதழுக்குக் கோலாலம்பூரிலிருந்து எழுதிய கே. தாஸ், துங்குவோடு உட்கார்ந்து பேசிப் பேசிக் கேசட்டில் பதிவு செய்தார். நீதித்துறை நெருக்கடியில் தலைமை நீதிபதி பதவி இழந்த துன் சாலே அபாஸோடு சேர்ந்து நூல் எழுதியவரும் இதே தாஸ்தான். துங்கு 1990 டிசம்பர் 6 அன்று மறைந்தார். அந்த ஒலிநாடாப் பேச்சுகளைக் கூவா கியா சூங் தொகுத்து 2002இல் நூலாக்கினார். வேறொரு தொகுதியும் உண்டு. துங்குவுக்குப் பின் பிரதமரான துன் ரசாக்கின் உதவியாளராக இருந்த அப்துல்லா அகமட் 1980களின் முற்பாதியில் துங்குவைத் தொடர்ந்து சந்தித்துப் பேசிய உரையாடல்கள், துங்கு மறைந்து கால் நூற்றாண்டு கழித்து 2016இல்தான் அச்சேறின.

இந்த நாட்டுக்குத் தொலைக்காட்சியைத் திறந்துவிட்டவர் மனம்விட்டுப் பேசியது காகிதத்திலும் கேசட்டிலும். அரசு நிலையம் ஒன்று, ஒரு நல்ல கேள்வியாளரை ரயிலேற்றி பட்டர்வொர்த்துக்கு அனுப்பியிருந்தால், ஃபெரி ஏறி அவர் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தால், நமக்கு என்னென்ன கிடைத்திருக்கும்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

மாணவி கேட்ட ‘திட்டம் போட்டுச் செஞ்சவங்க’ளில் முக்கியமானவரான துன் லிம் சோங் யூ விஷயம் இன்னும் கடினம். 1969 முதல் 1990 வரை பினாங்கு முதல்வர். பினாங்கு மேம்பாட்டுக் கழகம், பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம், 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர்ப் பாலம், பிறையிலிருந்து புக்கிட் தெங்கா வரை படிப்படியாக நீண்ட தொழிற்பேட்டைகள் எல்லாவற்றுக்கும் அடி அவர் காலத்தில் போட்டது. 1990இல் பாடாங் கோத்தா தொகுதியில் லிம் கிட் சியாங்கிடம் 706 வாக்குகளில் தோற்றார். அத்தோடு அரசியலை அடியோடு விட்டார். 2010 நவம்பர் 24 அன்று மறையும் வரை இருபது ஆண்டுகள் இருந்தன. பதவியின் சுமை இல்லாத இருபது ஆண்டுகள்! அந்த மாணவிக்கு நான் காட்ட முடிந்தது பாலத்தையும், தீவின் கரையோரம் அவர் பெயரில் ஓடும் விரைவுச் சாலையையும்தான்.

அவர் எதிரே உட்கார்ந்திருந்தால் நம் பக்கத்துக் கேள்விகள் சிலவற்றையாவது கேட்டிருக்கலாம். பெருநிலத்துக்கு ஆலைகள் வந்தபோது தோட்டத்து லயங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எங்கே போகும் என்று உங்கள் மேசையில் யாராவது பேசினார்களா? தோட்டம் விற்கும்போது வீடும் போய்விடுகிறதே, அதற்கு என்ன நினைத்தீர்கள்? ஆலைப் பேருந்து ஏறிய எங்கள் பெண்பிள்ளைகளை நீங்கள் நேரில் பார்த்ததுண்டா? இவை குற்றம் சாட்டும் கேள்விகள் அல்ல. பதில் அவரிடம் மட்டுமே இருந்த கேள்விகள்.

நம்மவர் பக்கம் திரும்பினால் துன் சாமிவேலுவின் கதை தனி. அரசியலில் உயரும் முன் வானொலி தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். கேமராவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அறிந்த ஒரே தலைவர் என்று சொல்லலாம். 1979 முதல் 2010 வரை மலேசிய இந்தியர் காங்கிரசின் (ம.இ.கா.) தலைவர். பினாங்குப் பாலம் கட்டியபோது பொதுப்பணி அமைச்சர் அவர்தான். ஜூரு சுங்கச் சாவடியைத் தாண்டி ஓடும் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையின் கதையிலும் அவர் உண்டு. முப்பது ஆண்டுகள் தமிழ்ச் செய்தியில் அவர் முகம் வராத வாரம் அபூர்வம். ஆனால் அத்தனையும் அமைச்சராக, தலைவராகப் பேசியவை. மேடையேற்றம், அடிக்கல், அறிக்கை. ம.இ.கா.வின் முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸில் நகையை விற்றுப் பணம் போட்ட குடும்பங்கள் கேட்க நினைத்ததை எதிரே உட்கார்ந்து நிதானமாகக் கேட்டு, அவர் தரப்பை முழுக்கச் சொல்ல விட்டு, அதையும் விடாமல் பதிந்திருந்தால் அவருக்கும் நியாயம், நமக்கும் நியாயம். 2008இல் சுங்கை சிப்புட்டில் தோற்ற பிறகு அதற்குக் காலம் இருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று அந்தக் காலமும் முடிந்துபோனது.

தமிழ்த் தொலைக்காட்சிக்கு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. 1996இல் ஆஸ்ட்ரோ வந்தது, வானவில் வந்தது, ‘விழுதுகள்’ போன்ற உரையாடல் நிகழ்ச்சிகள் வந்தன. அரசு நிலையமான ஆர்.டி.எம்.மின் ‘வசந்தம்’ இருக்கிறது. இவற்றில் வந்து பேசிய ஆசிரியர்கள், மருத்துவர்கள், விளையாட்டு வீரர்கள் ஏராளம். குறை வேறு இடத்தில். நம் பேட்டியாளர் வந்தவருக்கு முதலில் வார்த்தையால் ஒரு பொன்னாடை போர்த்துகிறார். பிறகு ஒரு மாலை. அரைமணி நேரத்தில் கால்வாசி அதற்கே போய்விடும். மீதி நேரத்தில் விருந்தாளி தன் பதவிகளை வரிசையாகச் சொல்வார். முடிவில் இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்பார்கள். ஒரு மனிதரின் நாற்பது ஆண்டு உழைப்பை இப்படிக் கடந்துபோவது மரியாதை ஆகாது. உட்கார்ந்து, தயாரித்து, நுணுக்கமாகக் கேட்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

தமிழ்நாட்டில் ஜெயா டிவி இதற்கு வேறு வழி கண்டது. ‘திரும்பிப் பார்க்கிறேன்’ நிகழ்ச்சியில் பழைய நடிகர்கள், இயக்குநர்கள், கலைஞர்கள் ஒரே நாளில் முடிக்காமல் பல நாள் தொடர்ந்து பேசினார்கள். குறுக்கீடு மிகக் குறைவு. பேசுகிறவருக்கு நேரம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அவர் அவசரப்படுவதில்லை. முதல் நாளில் சொன்னதை மூன்றாம் நாள் தானே திருத்துவார். அதே முறையைத்தான் சித்ரா லட்சுமணன் பின்னர் யூடியூபில் ‘சாய் வித் சித்ரா’வில் கையாண்டார். இங்கே ஆஸ்ட்ரோ பார்த்த தமிழ் வீடுகளுக்கும் கைப்பேசி பார்க்கும் பிள்ளைகளுக்கும் இவை பழக்கம். சினிமாக்காரர்களுக்குக் கிடைத்த இந்த நிதானம் ஆசிரியருக்கும் தொழிற்சங்கத் தலைவருக்கும் ஏன் கிடைக்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

கேட்பவர் யார், எப்போது கேட்கிறார் என்பதைப் பொறுத்து ஒரே மனிதர் எப்படி வேறுபடுகிறார் என்பதற்கு ஜெயலலிதாவின் இரண்டு பேட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். 1999இல் சிமி கரேவால் கேட்டார். அப்போது ஜெயலலிதா முதல்வர் பதவியில் இல்லை. பள்ளிப் பருவம், தாய் சந்தியா, விரும்பாமல் சினிமாவுக்கு வந்தது, எம்.ஜி.ஆர். எல்லாம் பேசினார். பழைய இந்திப் பாட்டொன்றைக்கூட முணுமுணுத்தார். 2004இல் கரண் தாப்பர் பி.பி.சி.க்காகக் கேட்டார். அப்போது அவர் முதல்வர். கேள்விகள் வழக்கறிஞரின் குறுக்கு விசாரணை போல் வந்தன. முடிவில் தாப்பர் நீட்டிய கையைப் பற்றாமல், பேசியதில் மகிழ்ச்சி இல்லை என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

எது நல்ல பேட்டி என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. என் தீர்ப்பு இது: இரண்டாவது பேட்டியில் முதல்வரின் கோபம் தெரிந்தது, ஆட்சி பற்றிய விவரம் அதிகம் கிடைக்கவில்லை. முதல் பேட்டியில் மனுஷி தெரிந்தார், ஆட்சி பற்றிக் கேட்கவே இல்லை. இரண்டையும் ஒருங்கே செய்யும் கேள்வியாளர் தமிழில் இன்னும் வர வேண்டியிருக்கிறது. கனிவாகத் தொடங்கி, கணக்குக் கேட்கும் இடத்தில் கணக்கும் கேட்பவர்.

சிங்கப்பூர் இதை அரசு வேலையாகவே எடுத்துக்கொண்டது. 1979இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு ஒன்றை அமைத்தார்கள். ஒளிப்பதிவு இல்லை, ஒலி மட்டும். ஆனால் ஒருவரோடு பல அமர்வுகள், அரைமணி அரைமணியாக நாடாக்கள். அமைச்சர்களோடு நிற்காமல் கூலித் தொழிலாளி, கடைக்காரர், தொழிற்சங்கவாதி என்று போனார்கள். தமிழிலேயே பேசியவர்களும் அதில் உண்டு. இணையத்தில் இன்று வீட்டிலிருந்தே கேட்கலாம். 1963 பிப்ரவரியில் சிங்கப்பூர்த் தொலைக்காட்சியைத் தொடங்கி வைத்தவர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம். கடைசி ஆண்டுகளில் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. நினைவு தப்பும் முன் கேட்டுவிட வேண்டும் என்பதை அவர் வாழ்க்கையைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது. நம் தேசிய ஆவணக் காப்பகமும் வாய்மொழிப் பதிவுகள் செய்கிறது. அந்தப் பட்டியலில் தோட்டப்புறத் தமிழர்கள் இன்னும் நிறையப் பேர் இடம்பெற வேண்டும்.

புக்கிட் தெங்காவில் ஒரு வீட்டில் எனக்கு ஒரு வி.எச்.எஸ். நாடாவைப் போட்டுக் காட்டினார்கள். 1990களில் பேத்தியின் கல்யாணத்துக்கு வந்த வீடியோக்காரர், பந்தல் வேலை முடியும் வரை சும்மா இருக்க முடியாமல், தாத்தாவைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தது. தாத்தா தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவர். வெள்ளைச் சட்டை, மார்பில் பி.ஜே.கே. பதக்கம். முதலில் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, எந்த ஆண்டு எந்தப் பதவி என்று ஒப்பிக்கிறார். தொழிற்சங்கத் தலைவர் பி.பி. நாராயணன் தோட்டத்துக்கு வந்த நாள், வேலை நிறுத்தம், பேச்சுவார்த்தை. பத்திரிகைக் குறிப்பு மாதிரி இருக்கிறது.

அப்போது படத்தில் தெரியாத வீடியோக்காரர் கேட்கிறார்: “தாத்தா, வெள்ளைக்கார தொர முன்னாடி மொத மொதல்ல போய் நின்னப்போ பயமா இருந்துச்சா?”

தாத்தாவின் கை தொடையை விட்டு எழுகிறது. பதக்கத்தைத் தொட்டுப் பார்க்கிறது. “பயமில்லாம என்னப்பா. காலு ரெண்டும் ஆடிச்சு” என்கிறார். பிறகு இருபது நிமிடம் அவரை யாரும் நிறுத்தவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் தகப்பனை லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனது, திரும்பி வராதது, அம்மா மரவள்ளிக் கிழங்கு வேக வைத்த சட்டி, அந்தச் சட்டியை நினைத்துக்கொண்டுதான் துரையின் முன்னே நின்றது. நடுவில் யாரோ காபி கொண்டுவந்து வைக்கிறார்கள். அவர் குடிக்கவில்லை. கடைசிப் பகுதியில் நாடா பூசணம் பிடித்து, படம் கோடு கோடாகி, குரல் மட்டும் கொஞ்ச நேரம் வருகிறது. பிறகு அதுவும் இல்லை.

கேள்வி கேட்டவர் பேட்டிக் கலை படித்தவர் அல்ல. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார், கேட்டார். நிறுத்தாமல் ஓடவிட்டார். ராமன் சிங்கப்பூரில் பிரதமரிடம் வாதாடிக் காப்பாற்றியதை, இங்கே ஒரு கல்யாண வீடியோக்காரர் பொத்தானிலிருந்து கையை எடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

கடைசியாக நம் தொகுதிக் கதை ஒன்று பாக்கி. புக்கிட் தெங்கா சட்டமன்றத் தொகுதி பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கியது. 2008 மார்ச் 8. பதினெட்டு ஆண்டுகள் முதல்வராக இருந்த டாக்டர் கோ சூ கூன் அந்த நாடாளுமன்றத் தொகுதியில் நின்றார். எதிரே பேராசிரியர் பி. ராமசாமி, தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் வெளியே வந்தவர். இரவுக்குள் முடிவு தெரிந்துவிட்டது. பினாங்கே கைமாறியது. கோ சூ கூன் தொலைக்காட்சி கேமராக்களின் முன் தோல்வியை ஒப்புக்கொண்டு, தன் ஆட்களை அமைதி காக்கச் சொன்னார். அந்த இரவின் பதற்றத்தை அறிந்தவர்களுக்கு அந்தச் சில நிமிடங்களின் மதிப்பு தெரியும். ராமசாமி துணை முதல்வரானார். நாட்டிலேயே அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். 2023இல் அவருக்கு மீண்டும் போட்டியிட இடம் கிடைக்கவில்லை. கட்சியை விட்டு விலகி ‘உரிமை’ என்ற புதுக் கட்சியைத் தொடங்கினார்.

இருவரும் 1949இல் பிறந்தவர்கள். இருவரும் கல்வியாளர்கள். ஒருவர் இழந்த இடத்தில் மற்றவர் ஏறினார். பின் அவரும் இறங்கினார். இந்த இருவரையும் ஒரே மேசையில், புக்கிட் தெங்காவிலேயே ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து, மூன்று நாள் பேசவிட்டால் பினாங்கின் முப்பது ஆண்டு அரசியல் நமக்குக் கிடைக்கும். பத்து காவானில் நிற்க முடிவு செய்த நாள் முதல் வாக்கு எண்ணிய இரவு வரை இரண்டு பக்கமும் கேட்கலாம். பட்டர்வொர்த்திலும் பிறையிலும் வீடியோ எடுக்கும் தம்பிகள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் இருக்கும் கேமரா 1963இல் அம்பாங் சாலையில் இருந்ததைவிட ஆயிரம் மடங்கு மேல். யாராவது ஒருவர் முன்வாருங்கள். கேள்விகள் தயாரிக்க நான் வருகிறேன்.

புக்கிட் தெங்கா, ஜூரு, பெர்மாத்தாங் திங்கி, ஆல்மா பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியில் பழைய கேசட்டும் வி.எச்.எஸ். நாடாவும் இருந்தால் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். நாடாவின் கண்ணாடி வழியே வெள்ளைப் பொடி தெரிந்தால் அதைப் பிளேயரில் போடவும் வேண்டாம். போட்டால் நாடாவும் போகும், பிளேயரும் போகும். நிறுத்தி வையுங்கள், ஈரம் படாமல் வையுங்கள், சீக்கிரம் டிஜிட்டலுக்கு மாற்றிவிடுங்கள். மேலே தாத்தாவின் பெயர், ஊர், எடுத்த ஆண்டு மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். பேசக்கூடிய பெரியவர் இன்னும் வீட்டில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கைப்பேசியை எதிரே வைத்து உட்காருங்கள். என்னென்ன பதவி வகித்தீர்கள் என்று கேட்காதீர்கள். பயமாக இருந்ததா என்று கேளுங்கள். அவர் பேச்சை நிறுத்தினாலும் நீங்கள் பதிவை நிறுத்தாதீர்கள்.

(தொடரும்)